தெளிந்த ஆறும் நாயின் மூக்கும்

நியூசிலாந்தின் தராருவா மலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, வெலிங்டன் துறைமுகத்தில் கலக்கிறது ஹட் ஆறு. மவோரி மக்கள் அதை ‘தே ஆவா கைரங்கி’ என்கிறார்கள். மேல்பகுதியில் கைத்தோக்கே என்ற இடத்தில் எடுக்கும் தண்ணீரும் வெலிங்டன் வட்டாரத்துக் குழாய்களில் வருகிறது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படத்தில் தேவலோகம் மாதிரி ஓர் ஊர் வருமே, அதைப் படம்பிடித்த காடும் அங்கேதான். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் கூழாங்கல்லின் மேலிருக்கும் கோடுகூடத் தெரியும். அப்படிப்பட்ட ஆற்றங்கரைக்கு நாயைக் கூட்டிப்போகிறவருக்குத் தண்ணீர்மேல் என்ன சந்தேகம் வந்துவிடப் போகிறது?

2005 நவம்பரில் அந்த ஆற்றுக்குப் போன நாய்களில் குறைந்தது 5 செத்துப்போயின. நோயில் விழுந்து நாள்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. ஆற்றுக்குப் போய்வந்த சூட்டிலேயே போய்விட்டன. ஆராய்ந்தவர்கள் நாயின் இரைப்பையில் ஒரு பாசியைக் கண்டார்கள். ஆற்றுக்கற்களின் மேல் படர்ந்திருந்ததும் அதே பாசி. ஃபார்மிடியம் என்று அதற்குப் பெயர். பின்னால் வகைப்பாட்டை மாற்றி மைக்ரோகோலியஸ் என்று பெயர் சூட்டினார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த நஞ்சு ஹோமோஅனடாக்சின். அந்த நாட்டில் இந்த நஞ்சு பதிவானது அதுவே முதல் தடவை.

அந்தப் பாசி எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். நனைந்த கருப்பு வெல்வெட் துணியைக் கல்லின்மேல் ஒட்டியது போலிருக்கும். சில இடத்தில் கரும்பழுப்பு, சில இடத்தில் கரும்பச்சை. விரலால் தேய்த்தால் தோல் உரிவதைப் போல ஏடாகக் கழன்று வரும். வெயில் ஏறியதும் ஏட்டுக்குள் சின்னச்சின்ன காற்றுக்குமிழ்கள் சேரும். ஒளிச்சேர்க்கையில் அது விடும் ஆக்சிஜன்தான் அப்படி அடைபட்டுக் கிடக்கிறது. குமிழ் பெருத்ததும் ஏடு கல்லைவிட்டு எழும்பி மிதந்து, கரையோரக் கற்களில் சிக்கிக்கொள்ளும். காய்ந்தால் நிறம் வெளுத்துச் சருகாகிவிடும். வாசனை மட்டும் போகாது. ஈரமான நிலவறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தப் புழுங்கல் வாசம். நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நாய் நேரே அதை நோக்கித்தான் போகும்.

பாசி பாசி என்று எழுதிக்கொண்டே போகிறேன். உயிரியல் ஆசிரியர் யாராவது படித்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். இது பாக்டீரியா, சயனோபாக்டீரியா. பச்சையமும் ஒளிச்சேர்க்கையும் இருப்பதால் முன்னோர்கள் பாசிக்கணக்கில் சேர்த்து நீலப்பச்சைப்பாசி என்று பெயர் வைத்துவிட்டார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தக் குலம் புதிதும் அல்ல. நெல்வயலுக்கு உயிர் உரமாகப் போடச்சொல்லும் நீலப்பச்சைப்பாசி இதுதான். அசோலாவின் இலைக்குள் குடியிருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொடுப்பதும் இதுதான். மருந்துக்கடையில் ‘சுருள்பாசி மாத்திரை’ என்று காசு கொடுத்து வாங்குகிறோமே, அதுவும் இந்தக் குலத்துப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் இவற்றை இனம்காண எழுதிய ‘சயனோஃபைட்டா’ என்ற தடித்த நூலைத் தாவரவியல் துறைகளில் இன்னமும் புரட்டுகிறார்கள். இவ்வளவும் போதாதென்றால் ஒன்று சொல்கிறேன்: ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றின் புண்ணியத்தில்தான். நாயும் நாமும் மூச்சுவிடுவது இந்தக் குலம் போட்ட பிச்சை.

இந்தக் குலத்தில் சில மட்டுமே நஞ்சு செய்பவை. அதிலும் ஒரு வம்பு உண்டு. ஒரே இனத்தின் ஒரு கிளை நஞ்சு செய்யும், பக்கத்திலேயே வளரும் இன்னொரு கிளை செய்யாது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நுண்ணோக்கிக்கும் ஒன்று. ஆய்வகத்தில் நஞ்சையோ அதைச் செய்யும் மரபணுவையோ தேடிப் பார்த்தால்தான் உண்டு. ஆகவே குளத்தைப் பார்த்ததும் “இது நல்ல பாசி” என்று சொல்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. தண்ணீர் விஷயத்தில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அறிவியல் ஏட்டில் இந்த நஞ்சு முதன்முதலாக ஏறியது 1878-இல். தெற்கு ஆஸ்திரேலியாவில் மரே ஆறு கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் அலெக்சாண்ட்ரினா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதன் கரையில் ஆடு, குதிரை, பன்றி, நாய் எல்லாம் சாகின்றன என்று கேள்விப்பட்டு அடிலெய்டைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிரான்சிஸ் போய்ப் பார்த்தார். ஏரியின் மேல் பச்சை எண்ணெய்ப் பெயிண்டைக் கொட்டியது போல ஆடை கட்டிக்கிடந்தது. அதை அள்ளி ஓர் ஆட்டுக்குப் புகட்டினார். 15 மணி நேரத்தில் ஆடு செத்தது. அந்தக் காலத்து அறிவியல் அப்படித்தான், ஆட்டைக் கேட்டுக்கொண்டா செய்வார்கள். எந்த விலங்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்றும் அவர் குறித்துவைத்தார். குதிரைக்கு 8 முதல் 24 மணி நேரம். நாய்க்கு 4, 5 மணி நேரம். ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அந்தச் சிறு குறிப்பில் இன்றைக்கும் பயன்படும் ஒரு கவனிப்பு இருக்கிறது: காற்று அந்த ஆடையைக் கரைக்கு ஒதுக்கித் தடிக்கவைக்கிறது. விலங்கு தண்ணீர் குடிப்பதும் அந்தக் கரையில்தான்.

மிதக்கும் வகைகளின் சூட்சுமமே இந்த ஒதுங்கலில் இருக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் போன்றவற்றின் செல்லுக்குள் புரதத்தால் ஆன நுண்ணிய காற்றறைகள் உண்டு. பகலில் வெயில் வாங்கி மாவுச்சத்தைச் சேர்த்துக்கொண்டால் செல் கனத்து அடியில் இறங்கும். இரவில் அந்தச் சேமிப்பைச் செலவழித்ததும் எடை குறைந்து மேலே வரும். காற்றசையாத ஒரு வெப்ப இரவு கழிந்து விடியும்போது, முந்தின நாள் தண்ணீர் முழுக்கப் பரவியிருந்த கூட்டமெல்லாம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஏடாகக் கூடியிருக்கும். பிறகு லேசான காலைக் காற்று போதும், ஏரி முழுவதன் ஏட்டையும் வழித்து ஒரு மூலையில் குவித்துவிடும். ஏரியின் நடுவில் படகில் போய் எடுத்த தண்ணீரைச் சோதித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே முடிவு வரலாம். அதே காலையில் அதே ஏரியின் ஒரு கரை மூலையில் நஞ்சு ஆயிரம் மடங்கு செறிந்திருக்கலாம். மனிதர் நீந்துவது நடுவில், நாய் நக்குவது கரையில். இங்கிலாந்தின் ரட்லண்ட் நீர்த்தேக்கத்தில் 1989-இல் 15 நாய்களும் 20 ஆடுகளும் இறந்ததற்குக் கரையில் ஒதுங்கிய இந்த ஏடுதான் காரணம்.

இந்த வகையையாவது கண்ணால் பார்த்து ஒதுங்கலாம். பச்சைப் பெயிண்ட் மிதக்கும் தண்ணீரில் எந்தப் புத்திசாலி நாயை இறக்குவார்? ஹட் ஆற்றின் கருப்பு வெல்வெட்டுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. சாக்கடை கலந்து, உரம் கலந்து, கெட்டுப்போன தண்ணீரில்தான் பாசி பெருகும் என்று படித்து வந்திருக்கிறோம். மிதக்கும் பாசிக்கு அது பெரும்பாலும் சரி. அடியில் ஒட்டி வளர்வது சத்துக் குறைந்த தெளிந்த தண்ணீரிலும் செழிக்கிறது. தெளிவாக இருப்பதால்தான் வெயில் ஆற்றடிவரை இறங்குகிறது. உணவுக்கு என்ன செய்கிறது என்று நியூசிலாந்து ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். விடை ஏட்டுக்குள்ளேயே இருந்தது. ஆற்றில் அடித்துவரும் நுண்ணிய வண்டலை அந்த வழவழப்பான ஏடு பிடித்து வைத்துக்கொள்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை மும்முரமாக நடக்கையில் ஏட்டுக்குள் காரத்தன்மை ஏறுகிறது. இரவில் ஆக்சிஜன் குறைகிறது. இரண்டு நிலையிலும் வண்டலில் கட்டுண்டிருந்த பாஸ்பரஸ் கழன்று பாசிக்குச் சாப்பாடாகிறது. வெளியே ஓடும் தண்ணீர் பட்டினி. வீட்டுக்குள் சொந்தச் சமையலறை.

பெர்லினில் இதே கதை இன்னும் விசித்திரமாக நடந்தது. நகரின் வடமேற்கில் இருக்கும் தேகல் ஏரி ஒரு காலத்தில் கழிவால் பச்சைக் குழம்பாகக் கிடந்தது. 1980-களில் அதற்குள் வரும் தண்ணீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கும் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். ஏரி மெல்லமெல்லத் தெளிந்தது, ஒளி அடிவரை போனது, நீர்ச்செடிகள் திரும்பின. 2017 மே மாதத்தில் அந்தக் கரையில் நாய்கள் வலிப்பு வந்து விழுந்தன; சில செத்தன. அலையில் கரை ஒதுங்கிய ஒருவகை நீர்ச்செடியின் இழைகளுக்கு நடுவே டைக்கோனெமா என்ற சயனோபாக்டீரியா சிக்கியிருந்தது. நாய்கள் அந்தச் செடியை மென்றிருக்கின்றன. பாடுபட்டு ஏரியைச் சுத்தம் செய்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! சுத்தம் செய்திருக்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சுத்தமான ஏரிக்குப் புது விதமான கண் வேண்டியிருக்கிறது. 2020 ஜூலையில் அமெரிக்காவின் சயன் தேசியப் பூங்காவில், செம்பாறைகளுக்கு நடுவே ஓடும் வர்ஜின் ஆற்றில் விளையாடிய ஒரு குட்டி நாய் இறந்தபோதும் காரணம் பாறையில் ஒட்டி வளர்ந்த ஏடுகள்தான்.

நாய் எதற்காக இதைப் போய்த் தின்கிறது? பசித்த நாய்தான் தின்னும் என்று நினைக்கவேண்டாம்; வீட்டில் இறைச்சிச் சோறு தின்று கொழுத்த நாயும் தின்னும். சயனோபாக்டீரியாக்கள் பலவும் மண்வாசனை தரும் ஜியோஸ்மின் என்ற பொருளை வெளியிடுகின்றன. முதல் மழை விழுந்ததும் நம் கவிஞர்கள் மூச்சை இழுத்துக்கொண்டு உருகுவார்களே, அதே மூலக்கூறுதான். அங்கே அதைச் செய்வது மண்ணில் வாழும் வேறு பாக்டீரியாக்கள். நாய்களை ஈர்ப்பது துல்லியமாக எந்த மூலக்கூறு என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் காய்ந்த ஏட்டைத் தேடிப்போய்த் தின்ற நாய்களை ஸ்காட்லாந்தின் இன்ஷ் ஏரியிலும் 1990-களின் தொடக்கத்தில் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளுக்கு முன் நல்ல தண்ணீரையும் நஞ்சுள்ள மைக்ரோசிஸ்டிஸ் கலந்ததையும் வைத்தபோது எலிகள் பாசித் தண்ணீரை விரும்பிக் குடித்தன. “விலங்குக்குத் தெரியும், கெட்டதைத் தொடாது” என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அந்த நம்பிக்கை நாயைக் கொன்றுவிடும்.

எவ்வளவு தின்றால் ஆபத்து? நியூசிலாந்தின் வட்டார நிர்வாகங்கள் மக்களுக்குச் சொல்லும் கணக்கு, அவர்களுடைய 50 சென்ட் நாணயம் அளவுக்கு ஒரு துண்டு. ஏறக்குறைய நம் பத்து ரூபாய்க் காசு. கரையில் கிடக்கும் குச்சியைக் கவ்வும்போது கூடவே வாய்க்குள் போய்விடக்கூடிய அளவு.

உள்ளே போனதும் என்ன நடக்கிறது என்பதில்தான் வேதியியல் தன் கொடூர அழகைக் காட்டுகிறது. 1950-களிலும் 1960-களிலும் கனடாவின் ஒட்டாவாவில் பால் கோரம் குழுவினர் இந்த நஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எலிக்கு ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஒன்று சீக்கிரம் கொன்றது. அதற்கு ‘விரைவுச் சாவுக் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று சில நிமிடங்களிலேயே கொன்றது. அதற்கு ‘மிக விரைவுச் சாவுக் காரணி’. பெயர் வைப்பதில் இத்தனை சோம்பேறித்தனம் விஞ்ஞானிகளுக்கே உரியது. முதலாவதை இன்று மைக்ரோசிஸ்டின் என்கிறோம், இரண்டாவதை அனடாக்சின்.

நரம்பு ஒரு தசையைச் சுருங்கச் சொல்லும்போது அசிட்டைல்கோலின் என்ற பொருளைத் தசையின் வாசலில் சிந்துகிறது. தசை சுருங்கியதும் ஒரு நொதி வந்து அதைத் துடைத்து வாசலைச் சுத்தம் செய்துவிடும். அடுத்த கட்டளைக்குத் தசை தயார். அனடாக்சின் அதே வாசலில் அதே இடத்தில் பொருந்திக்கொள்கிறது. துடைக்க வரும் நொதியால் அதை ஒன்றும் செய்யமுடியாது. அழைப்புமணியை அழுத்தியவர் விரலை எடுக்காமல் நிற்பது போல, தசைக்கு ‘சுருங்கு, சுருங்கு’ என்ற கட்டளை ஓயாமல் வருகிறது. முதலில் நடுக்கம், எச்சில், தள்ளாட்டம், பிறகு வலிப்பு, பிறகு களைத்துப்போன தசை எந்தக் கட்டளைக்கும் அசையாமல் நின்றுவிடுகிறது. மூச்சை இழுத்து விடுவதும் தசைகளின் வேலைதானே. ஈறு நீலம் பாயத் தொடங்கினால் கைவசம் இருப்பது நிமிடங்கள்தான்.

குவானிடாக்சின் என்ற மூன்றாவது ஒன்று துடைக்கும் நொதியையே முடக்கிப்போடுகிறது. எச்சிலும் கண்ணீருமாக நாய் ஒழுகும். பூச்சிமருந்து குடித்தவர்களைப் பார்த்துப் பழகிய நம் ஊர் மருத்துவர்களிடம் இந்த அறிகுறிகளைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் செய்வதும் இதே வேலை.

மைக்ரோசிஸ்டின் வழி வேறு. அதற்குக் கல்லீரல்தான் குறி. பித்த உப்புகளை உள்ளே இழுத்துக்கொள்வதற்காகக் கல்லீரல் செல்களில் சில வாசல்கள் இருக்கின்றன. நஞ்சு அதே வாசல் வழியாக நுழைகிறது. உள்ளே போய் பாஸ்பட்டேஸ் நொதிகளைப் பிடித்துக்கொள்கிறது. கட்டடம் கட்டும்போது நிறுத்தும் சாரத்தைப் போல செல்லைத் தாங்கிநிற்கும் புரத இழைகள் உண்டு. அவை குலைந்து விழுகின்றன. செல்கள் ஒன்றையொன்று விட்டு விலக, கல்லீரலுக்குள்ளேயே ரத்தம் கொட்டித் தேங்குகிறது. வெளியே தெரிவது வாந்தி, கழிச்சல், சோர்வு, வெளிறிய ஈறு, பிறகு மஞ்சள். சில மணி நேரத்தில் தொடங்கிச் சில நாள்களில் முடியும். ‘வெளியே ஏதோ தின்றுவிட்டது, வயிறு சரியில்லை’ என்று நாம் மோர்சோறு வைத்துக் காத்திருக்கும் அந்த முதல் நாள்தான் சிகிச்சைக்கான நாள்.

இத்தனை நுணுக்கமான ஆயுதம் நாய்க்காகச் செய்யப்பட்டதில்லை என்பது இன்னொரு வேடிக்கை. மைக்ரோசிஸ்டினை உருவாக்கும் மரபணுக்களின் வம்சாவளியைத் தேடிப்போனவர்கள், அது விலங்குகள் பூமியில் தோன்றுவதற்கும் முந்தையது என்று கண்டிருக்கிறார்கள். நாய்க்கும் நமக்கும் நேர்வது வழியில் நின்றவன்மேல் பட்ட அடி.

முறிவுமருந்து எதற்கும் கிடையாது. கால்நடை மருத்துவரால் செய்ய முடிவது காலத்தை வாங்கித் தருவது. அனடாக்சின் ஏறிய நாய்க்கு வலிப்பை அடக்கி, குழாய் போட்டுச் செயற்கையாக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தால், நஞ்சு வடிந்ததும் அது எழுந்து நடக்கும் வாய்ப்பு உண்டு. கல்லீரல் நஞ்சில் அபூர்வமாக ஒரு நல்ல செய்தி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெப்கன் ஏரியில் நீந்திய சிறு நாய் ஒன்றுக்குக் கல்லீரல் செயலிழக்கும் கட்டம் வந்துவிட்டது. மருத்துவர்கள் கோலஸ்டிரமைன் என்ற பொடியை வாய்வழி கொடுத்தார்கள். மனிதர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கத் தரும் பழைய மருந்து. பித்தத்தோடு குடலுக்குள் வரும் நஞ்சு மறுபடி உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பாமல், இந்தப் பொடி அதைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளுகிறது. அந்த நாய் பிழைத்தது. 2013-இல் அந்தச் சிகிச்சை ஆய்விதழில் வெளியானது. ஒரு நாயை வைத்து முறை வகுக்க முடியாது. ஆனாலும் மருத்துவரிடம் இந்தப் பெயரைக் காதில் போட்டுவைப்பதில் நஷ்டம் இல்லை.

என் வீட்டில் செவலை என்று ஒன்று இருக்கிறது. நிறத்துக்கு வைத்த பெயர், குணத்துக்கு வைத்திருந்தால் வேறு சொல்லியிருப்பேன். தண்ணீரைக் கண்டால் விடாது. மதுரைக்கு வெளியே எங்கள் பகுதிக் கண்மாயில் மழை முடிந்து மாசி வாக்கில் தண்ணீர் வற்றி, வெயிலும் ஏறும்போது, ஒரு மூலை பச்சையாகும். இதையெல்லாம் படிக்கத் தொடங்கிய பிறகு நான் செய்துகொண்ட மாற்றங்கள் பெரிதாக ஒன்றுமில்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் பழைய எவர்சில்வர் கிண்ணமும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர். தாகம் அடங்கிய நாய் கண்ட இடத்தில் நாக்கை நீட்டுவது குறைகிறது. தண்ணீருக்குள் பந்து எறிவதை நிறுத்தினேன். பந்தைக் கவ்வி நீந்தி வரும் நாய் ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு விழுங்குகிறது. நாம் வாயில் போன தண்ணீரைத் துப்புவோம், அதற்குத் துப்பத் தெரியாது.

மிஞ்சி இறங்கிவிட்டால் விபரீதம் தண்ணீரைவிட ரோமத்தில்தான் அதிகம். கரையேறிய நாய் உடம்பைச் சிலுப்பும், நிழலில் படுக்கும், முன்னங்காலில் ஆரம்பித்து வால்வரை நக்கித் துவட்டும். தேன்கூட்டைப் பிழிவதுபோல ரோமம் பிடித்துவைத்ததையெல்லாம் நாக்கு உள்ளே அனுப்பும். நக்க விடாமல் வாயைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். விரல்களுக்கு நடுவே, வயிற்றடியில், வால் முடியில். கையுறை போட்டுக்கொண்டால் நல்லது. வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டலாம் என்று காரிலோ ஆட்டோவிலோ ஏற்றினால் வழியிலேயே அது தன் வேலையை முடித்திருக்கும்.

வாயில் போய்விட்டது என்று தெரிந்தால், நம் வீட்டு வைத்தியமான உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர், புளிக்கரைசல் எதையும் ஊற்றவேண்டாம். நடுங்கத் தொடங்கிய நாயை வாந்தியெடுக்க வைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். உப்பு தன் பங்குக்கு இன்னொரு நஞ்சாகும். நடுக்கம் வரட்டும் பார்க்கலாம் என்று நிற்கவும் கூடாது. உடனே மருத்துவரைக் கூப்பிட்டு, எந்தத் தண்ணீர், எத்தனை மணி, எதைத் தின்றது என்பதைச் சொல்லிவிட்டுக் கிளம்பவேண்டும். முடிந்தால் அந்தத் தண்ணீரிலோ பாசியிலோ கொஞ்சம் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் இன்னமும் ‘மாட்டாஸ்பத்திரி’ என்றுதான் சொல்வார்கள். மாட்டுக்குக் கட்டிய ஆஸ்பத்திரியில் நாய்க்குச் செயற்கை மூச்சுக் கருவி இருக்குமா என்பதைச் சாவகாசமான ஒரு நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். கொதித்தால் செல் வெடித்து உள்ளிருக்கும் நஞ்சும் தண்ணீரில் கலந்துவிடும். மைக்ரோசிஸ்டின் கொதிநிலைக்கெல்லாம் அசையாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரியின் பாசிநஞ்சு குழாய்த் தண்ணீரில் வந்தபோது, 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நகராட்சி சொன்ன முதல் எச்சரிக்கையே ‘குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்’ என்பதுதான். மருந்து போட்டுப் பாசியைக் கொன்றுவிடலாமே என்பது அடுத்த கேள்வி. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் அதைத்தான் செய்தார்கள். குடிநீர்த் தேக்கத்தில் பாசி நாறுகிறது என்று மயில்துத்தம் கரைத்து ஊற்றினார்கள். பாசி செத்தது. சாகும்போது வயிற்றில் இருந்ததை எல்லாம் தண்ணீரில் கக்கிவிட்டுச் செத்தது. சில நாள் கழித்து 148 பேர் கல்லீரலும் சிறுநீரகமும் பாதித்து நோயில் விழுந்தார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள்.

தேங்கிய தண்ணீரில் பாசி மட்டுமா இருக்கிறது? நம் ஊர் நாய்களை எலிக்காய்ச்சலும் வாட்டுகிறது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போகக்கூடாது. எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற திருகாணி வடிவ பாக்டீரியா மழைத் தேக்கத்திலும் சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்; பாதத்துச் சிராய்ப்பு வழியாகவே உள்ளே போய்விடும். காய்ச்சல், வாந்தி, மஞ்சள், சிறுநீரகக் கோளாறு. நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றும். இதற்குத் தடுப்பூசி உண்டு. கிளினிக்கில் ‘செவன் இன் ஒன்’, ‘நைன் இன் ஒன்’ என்று போடுவதில் இதுவும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, வருடா வருடம் தவறாமல் போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பாசிக்கு அப்படி ஊசி எதுவும் கிடையாது.

ஹட் ஆற்றில் அதற்கு ஈடாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கோடையில் ஊழியர்கள் ஆற்றில் இறங்கி, அடியில் கண்ணாடி வைத்த குழாயைத் தண்ணீருக்குள் அழுத்தி, ஆற்றுப்படுகையில் எத்தனை சதவீதத்தைக் கருப்பு ஏடு மூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 20 சதவீதம் தாண்டினால் விழிப்பு நிலை. கரையில் பலகை ஏறும். 50 தாண்டினாலோ, ஏடு பிய்ந்து கரை ஒதுங்கத் தொடங்கினாலோ நாயை இறக்காதே என்று அறிவிப்பு. மலையில் நல்ல மழை பெய்து வெள்ளம் வந்தால் ஆறு தானே கற்களைத் தேய்த்துக் கழுவிக்கொள்ளும். எங்கள் கண்மாயில் மீன்பாசி ஏலத்துக்குப் பலகை உண்டு, குளிக்காதே என்பதற்கு உண்டு. பச்சை மூலைக்கு இல்லை.

அதனால் போன மாசியில் நானே ஒரு சோதனை செய்தேன். முதலில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினேன். தலைமுடி போல இழை இழையாகத் தொங்கியிருந்தால் சாதாரணப் பச்சைப்பாசி என்று கொள்ளலாம். ஒன்றும் தொங்கவில்லை, குச்சி பெயிண்டில் தோய்த்தது போல வந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்ன தம்பி, இதைப் போய்ப் பிடிக்கிறீங்க?”

“பாசி என்ன பாசின்னு பார்க்கலாம்னுதான் ஐயா. ஆடு இங்கே குடிக்குமா?”

“காத்து எல்லாத்தையும் இந்த மூலைக்கு ஒதுக்கிருச்சே. நான் எதிர்க்கரைக்குத்தான் ஓட்டுவேன். இங்கன விட்டா கழியும்.”

1878-இல் ஃபிரான்சிஸ் எழுதியது இவ்வளவுதான் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை.

பாட்டிலை முக்கால் வாசி நிரப்பி, மூடி போட்டு, இரண்டு பாலித்தீன் பைகளில் சுற்றி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன். அசையாமல் ஓர் இரவு. சாதாரணப் பச்சைப்பாசி என்றால் காலையில் அடியில் படிந்திருக்கும்; காற்றறை உள்ளது என்றால் மேலே வந்திருக்கும். நஞ்சு உண்டா இல்லையா என்பதை இந்தச் சோதனை சொல்லாது, யார் வந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். கற்களில் ஒட்டி வளரும் வகையிடம் இது செல்லவும் செல்லாது. “சட்னி வைக்கிற இடத்துல இதென்ன கண்றாவி” என்று மனைவி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் எடுத்துப் பார்த்தேன். பாட்டிலின் கழுத்தில் இரண்டு விரல்கடை அகலத்துக்குக் கெட்டிப் பச்சை. அதற்குக் கீழே தண்ணீர் பளிங்கு மாதிரி. செவலை வாசலில் சங்கிலியைக் கவ்விக்கொண்டு நின்றது. கண்மாய்ப் பக்கம் திரும்பிய அதன் தலையை இழுத்து, ரயில்வே கேட் பக்கமாக நடந்தோம்.